தூக்கம் கேட்டு ஒரு மனு

சொல்ல மாட்டேன் அம்மா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் போகச் சொன்னார், வந்திருக்கிறேன். இந்தச் சீட்டில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கிளம்பிவிடுவேன்.

இந்த அறை எனக்குத் தெரியும். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகள் இருந்தன. பதினாலு மூட்டை அடுக்கலாம். பதினைந்தாவது வைத்தால் ஜன்னல் திறக்காது. இப்போது வெள்ளையடித்து, மேஜை போட்டு, சுவரில் சூரியகாந்திப் பூப் படம் ஒட்டியிருக்கிறார்கள். வாசனை மட்டும் போகவில்லை. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிறது.

வெளியே நிற்கிறதே தண்ணீர்த் தொட்டி, அதில்தான் முப்பத்துமூன்று வருஷம் வேலை பார்த்தேன். தண்ணீர் திறந்து விடுகிற வேலை. நாற்பத்தாறு தெரு, தெருவுக்கு ஒரு வால்வு. சைக்கிளில் போய்த் திறக்க வேண்டும், மூட வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், தெருவுக்கு இருபத்தைந்து நிமிஷம். எட்டாவது வரைதான் படித்தேன், ஆனால் எண்ணிக்கை தப்பாது. எந்தத் தெருவுக்கும் ஒரு நிமிஷம் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. என் தெருவுக்கும் அப்படித்தான். என் வீட்டுக்காரி பாதிக் குடத்தோடு நின்று என்னைப் பார்ப்பாள். நான் வால்வை மூடிவிட்டு அடுத்த தெருவுக்குப் போவேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் ஏதோ முரட்டு ஆள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எனக்குப் பேசுவதே கூச்சம். ஏன் சொல்ல மாட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அது வேறு, இது வேறு.

உங்களிடம் சொல்ல வேண்டியதை வேறொருவரிடம் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

என் வீட்டுக்காரி சீனித்தாய் மாசி மாதம் இறந்துபோனாள். இதய பலவீனம். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தினமும் எழுதி வைத்தேன். பங்குனியில் இரண்டு மணி நேரம். சித்திரையில் ஒன்றரை. சோறு இறங்கவில்லை. டீக்கடையில் யாராவது "என்ன தவசி, சாப்டியா?" என்று கேட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வயசு எழுபத்தொன்று. டீக்கடையில் அழலாமா? ஆகவே டீக்கடைக்குப் போவதை நிறுத்தினேன். பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரி இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். தூக்கத்துக்கு எந்த டாக்டர் என்று சீட்டுக் கொடுக்கிற இடத்தில் கேட்டேன். பதினேழாம் நம்பர் என்றார்கள். பதினேழில் காது பார்க்கிறார்கள். காது டாக்டர் இருபத்தொன்பதுக்குப் போகச் சொன்னார். இருபத்தொன்பது பூட்டியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தானாம். அன்றைக்குப் புதன். வெள்ளிக்கிழமை மறுபடியும் போனேன். எனக்கு முன்னால் அறுபத்திரண்டு பேர். டாக்டர் என்னிடம் பேசியது நாலு நிமிஷம். குறை சொல்லவில்லை. அத்தனை பேருக்கு நாலு நிமிஷம் கொடுப்பதே பெரிய விஷயம்.

"பெரியவரே, மாத்திரை கொஞ்ச நாளைக்குத்தான். இதுக்காக இவ்வளவு தூரம் அலையாதீங்க. உங்க ஏரியாவிலேயே கவுன்சிலர் இருப்பாங்க. அவங்களைப் போய்ப் பாருங்க. மனசுல இருக்கிறதை எல்லாம் கொட்டிருங்க."

"கவுன்சிலர்கிட்டயா சார்?"

"ஆமா. கூச்சப்படாதீங்க. அவங்க வேலையே அதுதான். நீங்க சொல்றது எதுவும் வெளியே போகாது."

ஏரியா கவுன்சிலர். எனக்கு ஒரே ஒரு ஏரியா கவுன்சிலரைத்தான் தெரியும். எங்கள் பதினொன்றாம் வார்டு கவுன்சிலர் விஜயராணி.

சிரிக்கிறீர்களா? இல்லையா, சரி. அங்கே மூன்று பேர் சிரித்தார்கள், அதனால் கேட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

யோசிக்காமல் போகவில்லை அம்மா. பஸ்ஸில் வரும்போது முழுக்க யோசித்தேன். தூக்கத்துக்கும் வார்டு கவுன்சிலருக்கும் என்ன சம்பந்தம்? பிறகு ஒவ்வொன்றாக எண்ணினேன். தெரு விளக்கு எரியாவிட்டால் அவரிடம்தான் போகிறோம். சாக்கடை அடைத்தால், நாய் கடித்தால், சுடுகாட்டுப் பாதையில் முள் முளைத்தால், எல்லாவற்றுக்கும் அவர்தான். ரேஷன் கார்டிலிருந்து சீனித்தாய் பெயரை எடுப்பதற்கும் அவர்தானே ஆள் அனுப்பி முடித்துக் கொடுத்தார். செத்தவள் பெயரை எடுக்க அவரிடம் போகலாம் என்றால், அவள் செத்ததால் போன தூக்கத்துக்கும் போகலாம். சர்க்கார் இப்போது இதையும் கவுன்சிலர்களிடம் ஒப்படைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் ஆலோசகர் என்று ஒரு வார்த்தை தமிழில் சொல்லியிருந்தால் இதெல்லாம் இல்லை. உங்கள் கதவில் எழுதியிருக்கிறது, மனநல ஆலோசகர் என்று. நன்றாகப் புரிகிறது. ஆனால் எழுதுவதற்கு ஒரு வார்த்தை, வாயால் சொல்வதற்கு வேறு வார்த்தை வைத்திருக்கிறீர்கள். நாங்கள் எதைப் பிடித்துக்கொண்டு போவது?

விஜயராணியைப் பற்றி நான் தரக்குறைவாகப் பேச மாட்டேன். வேலையில் இருந்தபோது எட்டுக் கவுன்சிலர்களைப் பார்த்துவிட்டேன். எட்டுப் பேரும் அவரவர் தெருவுக்கு ஐந்து நிமிஷம் கூட விடச் சொல்லியிருக்கிறார்கள். இவர் ஒருவர்தான் கேட்காதவர். நான் ஓய்வு பெற்ற பிறகு இவர் கவுன்சிலர் ஆனார் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். மாவு மில் வைத்திருக்கிறார். காலை நேரத்தில் மில்லுக்கு முன்னால் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கும். மனு கொடுக்க வருகிறவர்கள் அதில் உட்கார வேண்டும். வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, தண்ணி வரலையா? உங்க தெருவுக்கே வரலைன்னா நாங்கள்லாம் எங்க போறது?"

"தண்ணி வருதும்மா."

"லைட்டா?"

"லைட்டும் எரியுது. தூக்கம் வரலை."

"என்னது?"

"தூக்கம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் உங்களைப் பார்க்கச் சொன்னாரு."

"என்னையவா? பேரைச் சொல்லியா சொன்னாரு?"

"கவுன்சிலரைப் பாருங்கன்னாரு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் மாவு, புருவத்தில் மாவு. பக்கத்து நாற்காலியில் இருந்த ஆள், "தூக்கமும் வார்டுக்கு வந்துருச்சா? எனக்கு ரெண்டு மூட்டை போடுங்கக்கா" என்றான்.

"உனக்கு எதுக்குப்பா? நீதான் கூட்டத்துக்குக் கூட்டம் வந்து முன் வரிசையில குறட்டை விடுறியே" என்றார் விஜயராணி. பிறகு மனு நோட்டை எடுத்து எழுதினார். நான் எதிரே இருந்து தலைகீழாக வாசித்தேன். எழுபத்தொன்று. தவசிக்கண்ணு, தொட்டி மேலத் தெரு. பொருள்: தூக்கம்.

என் வயசும் எழுபத்தொன்று என்று நினைத்தேன். வேறொன்றும் தோன்றவில்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி. எதனால வரலை?"

ஆறு செவ்வாய்க்கிழமை போனேன். தடவைக்கு இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் உட்கார வைத்துக் கேட்டார். ஒரு நாள் முப்பத்தைந்து நிமிஷம். மில் ஓடும்போது நான் பேசுவது எனக்கே சரியாகக் கேட்காது. அது எனக்கு வசதியாக இருந்தது. சீனித்தாயின் சேலையை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றேன். அவள் இருமுகிற மாதிரி அடுத்த வீட்டில் ஒரு கிழவி இருமுகிறாள், அதைக் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன் என்றேன். இதையெல்லாம் வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவர் மாவைச் சலித்துக்கொண்டே "ம்" என்பார், "அப்புறம்?" என்பார். கடைசியில் ஒவ்வொரு தடவையும், "சரி அண்ணாச்சி, நடவடிக்கை எடுக்கிறேன்" என்பார். அதுவும் வைத்தியத்தில் சேர்ந்தது என்று நினைத்தேன்.

தூக்கம் வந்தது அம்மா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காலண்டரில் இருக்கிறது. முதல் வாரம் இரண்டேகால் மணி. மூன்றாம் வாரம் மூன்றரை. ஐந்தாம் வாரம் ஒரு நாள் ஐந்து மணி நேரம். மருந்து வேலை செய்தது.

அந்த ஐந்தாம் வாரம்தான் அதைச் சொன்னேன். சீனித்தாய்க்குக் காலையில் நாலு, ராத்திரி இரண்டு, ஆக ஆறு மாத்திரை. எண்ணிக் கொடுப்பது நான். அதில் ஒன்று நீர் மாத்திரை. உடம்பில் நீர் சேராமல் இருப்பதற்கு. சனி, ஞாயிறு இரண்டு நாள் நான் அதைக் கொடுக்க மறந்துவிட்டேன், புதன்கிழமை காலையில் அவள் மூச்சுத் திணறிப் போய்விட்டாள் என்று சொன்னேன்.

விஜயராணி மில்லை நிறுத்தினார். அது இவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று நின்ற பிறகுதான் தெரிந்தது.

"ஏன் அண்ணாச்சி தனியாக் கிடந்து பார்த்தீங்க? தெருவுக்கு ஒரு நர்ஸ் வந்து போனா இப்படி ஆகுமா?" என்று கேட்டார். கண் கலங்கித்தான் கேட்டார். பொய் சொல்லக் கூடாது.

ஆடி மாதம் சமுதாயக் கூடத்தில் வார்டு கூட்டம் நடந்தது. ஆணையர் வருகிறார், அண்ணாச்சி கட்டாயம் வர வேண்டும் என்று ஆள் அனுப்பினார். போனேன். மூன்றாம் வரிசை. நாற்காலி நூற்றிருபது, எல்லாவற்றிலும் ஆள். சுவரை ஒட்டி நின்றவர்கள் முப்பதுக்கு மேல். விஜயராணி மைக்கைப் பிடித்தார். முதலில் நாய். பிறகு சாக்கடை. பிறகு நம் வார்டுக்கு ஒரு சுகாதார நிலையம் வேண்டும் என்றார். அப்போது என் பக்கம் கையைக் காட்டினார்.

"நம்ம தவசிக்கண்ணு அண்ணாச்சியை எல்லாருக்கும் தெரியும். முப்பத்துமூணு வருஷம் நிமிஷம் தப்பாமத் தண்ணி விட்டவரு. அப்பேர்ப்பட்டவரே மாத்திரையை மறந்து பொண்டாட்டியைப் பறிகுடுத்துட்டு, இன்னைக்குத் தூக்கம் இல்லாமத் தவிக்கிறாரு. என்கிட்ட வந்து அழுதாரு. நம்ம தெருவுல ஒரு நர்ஸ் இருந்திருந்தா சீனித்தாயக்கா இன்னைக்கு உயிரோட இருந்திருக்கும்ல?"

கை தட்டினார்கள். நூற்றைம்பது பேரும் கை தட்டினார்கள். பின்னால் இருந்த ஒருவர் என் தோளில் தட்டிக் கொடுத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எழுந்து போகலாம் என்றால் வரிசையில் ஆறு பேரைத் தாண்ட வேண்டும்.

மறுநாள் மில்லுக்குப் போனேன். நான் சண்டை போடுகிறவன் இல்லை. நின்றுகொண்டேதான் கேட்டேன்.

"ஏம்மா சொன்னீங்க?"

"எதை அண்ணாச்சி?"

"வெளியே போகாதுன்னு டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டரு? மனு குடுத்தா மன்றத்துல சொல்றதுதானே அண்ணாச்சி என் வேலை? சொல்லாட்டித்தானே குத்தம். போன மாசம் நாய் மனுவைச் சொல்லலைன்னு அந்தக் கீழத்தெருக்காரங்க என்னை என்ன பேச்சுப் பேசினாங்க தெரியுமா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்க மனுவால ஒரு ஆஸ்பத்திரியே வரப்போகுது. சந்தோஷப்படுங்க" என்று சொல்லி ஒரு பொட்டலம் கேப்பை மாவைக் கையில் கொடுத்தார். அதை நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எவனோ அந்தப் பேச்சை வீடியோ எடுத்திருக்கிறான். என் மகள் கனகமணியைப் பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. நாற்பது நிமிஷ பஸ் தூரம். ஒரே பிள்ளை. அவள் போனுக்கும் வீடியோ போய்விட்டது. தினமும் சாயங்காலம் ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு அவள் போன் வரும். அன்றைக்கு மத்தியானமே வந்தது.

"அப்பா, மைக்குல வச்சு ஊருக்கே சொல்றாங்க. அம்மா போய் அஞ்சு மாசம் ஆச்சு. ஒம்பது தடவை என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. மாவு மில்லுல போய்ச் சொல்லியிருக்கீங்க."

அவ்வளவுதான். ஒரு நிமிஷம் பத்து செகண்ட். போனிலேயே காட்டும். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. இன்றோடு நூற்று முப்பத்திரண்டு நாள். வீட்டுக்குப் போனேன், மருமகன்தான் வந்து பேசினார். அவள் உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்து அப்படித்தான். நியாயம்தான் அம்மா. பெற்ற தாய்க்கு மாத்திரை கொடுக்க மறந்தவன் நான். கோபம் இருக்காதா?

என்ன? அவள் சொன்னது அதுதானா என்றா? சொன்னதை அப்படியே சொன்னேனே. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மாத்திரையைப் பற்றி அவள் பேசவில்லைதான். பேசாவிட்டால் என்ன? வேறு எதற்குக் கோபம் வரும்?

சரி, அது இருக்கட்டும். தூக்கம் மறுபடி ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "சார், உங்க கவுன்சிலர் கூட்டத்துல சொல்லிட்டாங்க" என்றேன். "எந்தக் கவுன்சிலர்?" என்றார். "பதினொண்ணாம் வார்டு" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். நர்ஸ் சிரித்தது. சீட்டு வாங்குகிற ஆளும் சிரித்தான். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அடக்க முடியவில்லை அவர்களுக்கு. பிறகு டாக்டர் மன்னிப்புக் கேட்டார். இந்தத் தடவை சீட்டில் தமிழிலேயே எழுதினார்.

அந்தச் சேதி விஜயராணிக்கும் எப்படியோ போயிருக்கிறது. அவர் விடுகிற ஆளா? "அண்ணாச்சி தேடிப்போன ஆளும் நம்ம வார்டுக்கே வரணும்" என்று மனுவில் ஒரு வரி சேர்த்துவிட்டார். ஐப்பசியில் இந்தப் பழைய கட்டடத்தையே சரிசெய்து சுகாதார நிலையமாகத் திறந்தார்கள். கீழே நர்ஸ், மேலே செவ்வாய்க்கிழமைக்கு நீங்கள். ஆக, உங்களை இந்த நாற்காலியில் உட்கார வைத்ததே நான் வாயைத் திறந்ததுதான். ஐந்து செவ்வாய்க்கிழமை இந்தப் படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனேன். இன்றைக்குத்தான் ஏறினேன். இனிமேல் நான் எப்படி அம்மா ஒருத்தரிடம் வாயைத் திறப்பேன்? அதனால்தான் சொல்ல மாட்டேன் என்கிறேன். கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

என்ன கேட்டீர்கள்?

இன்னொரு தடவை சொல்லுங்கள்.

நிமிஷம் தப்பாதவர் இரண்டு நாள் எப்படி மறந்தீர்கள் என்றா?

கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா? இல்லை, இதுவே போதும்.

நூற்றைம்பது பேர் கை தட்டினார்களே அம்மா. எல்லோருக்கும் என்னைத் தெரியும். என் சைக்கிள் மணியைக் கேட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்கள். தவசிக்கண்ணு மறப்பானா என்று அதில் ஒருவருக்குத் தோன்றவில்லை. ஆறு வாரம் கேட்ட விஜயராணிக்குத் தோன்றவில்லை. நான் வளர்த்த கனகமணிக்குத் தோன்றவில்லை. சொன்னேன், நம்பிவிட்டார்கள். வயசாகிவிட்டது, மறந்திருப்பான். அவ்வளவுதான் நான். முப்பத்துமூன்று வருஷமும் போச்சு.

நீங்கள் என்னைப் பார்த்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மறக்கவில்லை அம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை கனகமணி மகளுக்குச் சடங்கு. ஒரே பேத்தி. மண்டபம் மாடியில் இருந்தது, கக்கூஸ் கீழே இருந்தது. இருபத்திரண்டு படி. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த நீர் மாத்திரையைப் போட்டால் மத்தியானத்துக்குள் அவள் ஒன்பது தடவை ஒன்றுக்குப் போக வேண்டும். எண்ணியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்ட பிறகு கேட்டாள்.

"என்னங்க, நாளைக்கும் நாளன்னைக்கும் அந்த ஒண்ணுக்கு மாத்திரையை மட்டும் விட்டுருங்க."

"டாக்டர் ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னாரு."

"நாளைக்குப் பஸ்ல போகணும். மறுநாள் மேடையில உட்காரணும். பட்டுச் சேலையைத் தூக்கிக்கிட்டு எத்தனை தடவை படி இறங்குவேன்? சம்பந்தி வீட்டு ஆளுக எல்லாம் பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

"ஆகாது சீனி."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் மசிந்திருக்க மாட்டேன். "முப்பத்துமூணு வருஷம் அரைக் குடத்தோட நின்னிருக்கேன். ஒரு நிமிஷம் கூட விடுங்கன்னு ஒரு நாள் கேட்டேனா? இது ஒண்ணுதான் கேட்கிறேன்" என்றாள்.

கேட்டதே இல்லை அம்மா. அது உண்மை. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

விட்டுவிட்டேன். சனி, ஞாயிறு, இரண்டு மாத்திரை. மேடையில் மூன்று மணி நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. எல்லாப் படத்திலும் இருக்கிறாள். சிரித்துக்கொண்டு இருக்கிறாள். திங்கட்கிழமை விடிந்ததும் மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் காலில் வீக்கம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன், நாளைக்குப் போகலாம் என்றாள். அந்த நாளைக்கில்தான் போய்விட்டாள்.

அதனால்தான் போனாளா என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. நீங்களும் கேட்டுச் சொல்ல வேண்டாம். இன்றைக்கு வேண்டாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமையே என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "கனகுகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அவ வீட்டு விசேஷத்துக்காக மாத்திரையை விட்டேன்னு தெரிஞ்சா அவ மனசு கெட்டுப்போகும்." அப்போது அது ஒரு சின்னப் பேச்சு. சத்தியம் வாங்கியவள் புதன்கிழமை போய்விட்டாள். சத்தியம் என்னிடம் இருக்கிறது. யாரிடம் திருப்பிக் கொடுப்பேன்? அதனால்தான் விஜயராணியிடமும் மறந்துவிட்டேன் என்று சொன்னேன். பாதியையாவது இறக்கி வைக்கலாம் என்று பார்த்தேன். அந்தப் பாதிக்கே கை தட்டினார்கள்.

எனக்கு டாக்டர் மேல் கோபம் இல்லை. விஜயராணி மேல்கூட அவ்வளவு இல்லை. அவர் தன் வேலையைச் செய்தார். கோபம் சீனித்தாய் மேல்தான். நாற்பத்தெட்டு வருஷம் கூட இருந்துவிட்டு, ஒன்றைக் கேட்டாள், கொடுத்தேன், என்னை இப்படி நடுவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டாள். மேடையில் எப்படிச் சிரித்துக்கொண்டு இருக்கிறாள் தெரியுமா? எனக்கு அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை.

கனகமணியிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால் தன் வீட்டு விசேஷத்தை நினைத்து நினைத்துச் சாவாள். சொல்லாவிட்டால் என்னை வெறுக்கிறாள். என்னை வெறுப்பது பரவாயில்லை என்று இத்தனை நாள் நினைத்தேன். என்ன? அவள் போனில் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறீர்களா?

என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

ஆமாம். அதைத்தான் சொன்னாள். நானேதான் உங்களிடம் சொன்னேன், இப்போது நீங்கள் திருப்பிச் சொன்னால் வேறு மாதிரிக் கேட்கிறது. மாத்திரையைப் பற்றி அவள் பேசவே இல்லை. நூற்று முப்பத்திரண்டு நாள் அதை மாத்திரை என்றே கேட்டிருக்கிறேன்.

அவளை இங்கே அழைக்கலாமா என்றா? வருவாளா? நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். நீங்கள் கூப்பிடுங்கள். நம்பர் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அது ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், மற்றது எதையும் எழுத வேண்டாம். அடுத்த செவ்வாய்க்கிழமை பத்தே காலுக்கு ஒரு பஸ் இருக்கிறது, பதினொன்றுக்குள் இங்கே வந்துவிடலாம். என்ன விஷயம் என்று கேட்டால் சொல்லக் கூடாது. அப்பா தூங்குகிறாரா என்று கேட்பாள். இல்லை என்று சொல்லுங்கள். அது உண்மைதான்.

வந்தால் நான் சொல்கிறேன். மாத்திரையைச் சொல்கிறேன், படியைச் சொல்கிறேன், சத்தியத்தையும் சொல்கிறேன். அவள் அழுதால் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அழுகிறவர்களைத் தேற்றத் தெரியாது. ஆனால் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்கள் கீழே நர்ஸ் அறையில் இருங்கள். தப்பாக நினைக்காதீர்கள் அம்மா. இதையும் அவளிடம் சொல்லாமல் உங்களிடம்தான் முதலில் சொல்லிவிட்டேன். மறுபடியும் அதே தப்பு. இப்போது என்ன செய்வது, சொன்னது சொன்னதுதான்.

அவள் உங்களைக் கேட்பாள். அப்பா உங்ககிட்ட என்ன சொன்னாரு என்று நிச்சயமாகக் கேட்பாள். ஒன்றுமே சொல்லவில்லை, எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். அவள் முதல் ஆளாக இருக்கட்டும்.